பை நாளைக்கு வரும்: கொச்சி–அகத்தி விமானம் பற்றி ஒரு மண்டபத்துக்காரி

விமானத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில் கடல்பாசி வளர்க்கிறவள். மூங்கிலில் மிதவை கட்டுவது, விதைப்பாசியைக் கயிற்றில் முடிவது, 45 நாள் கழித்து அறுத்துக் கரையேற்றுவது, இதுதான் என் பிழைப்பு. எந்த மிதவையில் எவ்வளவு கனம் ஏறியிருக்கிறது என்று தண்ணீரில் நின்றபடியே சொல்லிவிடுவேன். கொச்சியிலிருந்து இலட்சத்தீவில் இருக்கிற அகத்தித் தீவுக்குப் போகிற விமானத்தில் எல்லாமே கனத்தைப் பொறுத்ததுதான். சீட்டு, பை, கிளம்புகிற நேரம் எல்லாவற்றையும் எடைதான் முடிவு செய்கிறது. அதனால் எனக்கும் நாலு வார்த்தை சொல்ல இருக்கிறது.

இலட்சத்தீவில் பெண்கள் குழுக்களுக்கு மிதவை கட்டிக் காட்ட எங்கள் பக்கத்திலிருந்து ஆள் கேட்டார்கள். நானும் என் மதினியும் போனோம். டிக்கெட் அவர்கள் எடுத்தது. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. அந்தத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏடிஆர் என்கிற ஒரே சின்ன ரக விமானத்தைத்தான் ஓட்டுகிறார்கள், இறங்குவதும் ஒரே ஓடுபாதையில்தான். யாரோடு போனாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

மண்டபத்திலிருந்து கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரி போய்ச் சேர்வதே ஒரு பயணம். மதுரைவரை பஸ், அங்கிருந்து கொச்சிக்கு ராத்திரி பஸ், விடிகாலையில் ஆலுவாவில் இறங்கி, மெட்ரோ நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு விடுகிற பஸ்ஸில் ஏறினால் வேலை முடிந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற ரோடு ஒரு காலத்தில் தனுஷ்கோடியிலிருந்து கொச்சிவரை ஒரே எண்ணில், 49 என்று ஓடியது. இப்போது எண்ணை மாற்றித் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஆனால் இடுப்பு வலி பழைய கணக்குப்படிதான் வருகிறது. உச்சிப்புளியில் கடற்படைக்கு 'பருந்து' என்று ஒரு விமானத்தளம் இருக்கிறது, சின்ன விமானங்கள் எங்கள் தலைக்கு மேலே தினமும் பறக்கின்றன. அங்கே பயணிகள் விமானமும் வரும் என்கிற பேச்சைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வரட்டும், வந்தபிறகு அதையும் எழுதலாம்.

போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அனுமதிச் சீட்டு. இந்தியாவுக்குள்தானே என்று ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் கொச்சி கவுன்ட்டரோடு திரும்ப வேண்டியதுதான். இலட்சத்தீவில் பிறக்காத யாரும் அங்கே கால் வைக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதற்கு நம்ம ஊர் போலீஸ் சான்று வேண்டும், அங்கிருந்து யாராவது நமக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். எங்களுக்கு இதெல்லாம் திட்டத்து ஆட்களே பார்த்துக்கொண்டார்கள். சுற்றுலா போகிறவர்கள் ஏஜென்ட் மூலமாகப் போவதே நல்லது. டிக்கெட்டை எடுத்துவிட்டு அனுமதிக்கு அலையாதீர்கள். அனுமதியை வாங்கிவிட்டு டிக்கெட் எடுங்கள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் பைகளை எடை போட்டதைப் பார்த்தேன். மற்ற ஊர்களுக்குப் போகிறவர்களின் பை அரைக் கிலோ கூடினாலும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார்கள். அகத்தி வரிசையில் அந்தச் சிரிப்பு இல்லை. கால் கிலோவுக்குக்கூட மேலே நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. மதுரை விமான நிலையத்து ஓடுபாதை 2,286 மீட்டர் நீளம். அகத்தியில் இருப்பது 1,200 மீட்டரும் கொஞ்சமும்தான். அவ்வளவு குட்டையான இடத்தில் இறங்கி, அதே இடத்திலிருந்து ஏற வேண்டும் என்றால் விமானத்தின் மொத்தக் கனம் குறைவாக இருக்க வேண்டும். இந்த ரகத்தில் 70 பேர் உட்கார இடம் இருக்கிறது. ஆனால் அகத்திக்கு எல்லா இடத்தையும் நிரப்பி ஓட்ட முடியாது. எண்ணெய் இவ்வளவு, ஆள் இவ்வளவு, மூட்டை இவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஒன்று கூடினால் இன்னொன்றை இறக்குகிறார்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே சீட்டுகள் காலியாகக் கிடக்கிறதே என்று யாராவது கோபப்பட்டால், காரணம் இதுதான். ஏமாற்று வேலை இல்லை.

விமானத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டார்கள். பார்த்ததும் மதினி, "என்னடி இது, காத்தாடி மாட்டியிருக்கு!" என்றாள். றெக்கை தலைக்கு மேலே, அதில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக ஆறு இதழ் விசிறி. ஏறுகிற கதவு வால் பக்கம், கதவையே இறக்கினால் அதுதான் படி. மூட்டை ஏற்றுவது மூக்குப் பக்கம், ஓட்டுகிறவர்களுக்கு நேர் பின்னால். வால் பக்கம் ஒரு கம்பை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். எல்லாரும் பின்னால் ஒரே நேரத்தில் ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், அதற்காக. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வல்லத்தில் ஐஸும் வலையும் ஏற்றும்போது முன்னணியம் பின்னணியம் பார்த்து ஆளை உட்காரவைப்பது போலத்தான் இதுவும். உள்ளே போனபிறகு அந்தப் பணிப்பெண் இரண்டு பேரை முன்னாலிருந்து எழுப்பிப் பின் வரிசைக்கு அனுப்பினார். அவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் மரியாதை வந்தது.

ஒரு பக்கத்துக்கு இரண்டு சீட்டு, நடுவில் வழி. நடுவில் மாட்டிக்கொள்கிற சீட்டு என்று ஒன்று கிடையாது. தலைக்கு மேலே பை வைக்கிற பெட்டி சின்னது, சக்கரம் வைத்த பெட்டி எல்லாவற்றுக்கும் இடம் கொள்ளாது. விசிறிக்கு நேராக இருக்கிற வரிசைகளில் சத்தம் காதை அடைக்கும். பின்னால் போகப் போகக் குறைகிறது. றெக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே கடல் தெரியும். கடல் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பின் பாதியில் ஜன்னலைக் கேளுங்கள், சக்கரம் இறங்குவதையும் பார்க்கலாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். சாப்பாட்டை நம்பிப் போக வேண்டாம். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி சொச்சம், தூரம் 459 கிலோமீட்டர்.

ஜெட்டைப்போல ரொம்ப உயரத்துக்கு இது போவதில்லை. மேகத்துக்குள்ளேயே புகுந்து போகிற மாதிரி இருந்தது, ஆட்டமும் இருந்தது. அலையில் வளர்ந்த எங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை, ஆனால் முன் சீட்டில் இருந்த கல்யாண ஜோடிக்கு வாந்திப் பை தேவைப்பட்டது. தேனிலவுக்குப் போகிறவர்கள் காலையில் கனமாகச் சாப்பிடாமல் ஏறுவது நல்லது.

அப்புறம் அந்தத் தீவு. இதற்குமேல் விலை போட முடியாத காட்சி, அதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். கரும்நீலமாகவே வந்துகொண்டிருந்த கடலில் திடீரென்று வெள்ளைக் கோடு, கோட்டுக்கு உள்ளே பச்சை, பச்சைக்கு நடுவே தென்னை. 7 கிலோமீட்டர் நீளம், அகலம் ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. ஓடுபாதை தெற்கு வாலில் இருக்கிறது, அங்கே தீவே ஓடுபாதையின் அகலத்துக்கு ஒடுங்கிவிடுகிறது. ஜன்னலில் பார்த்தால் கடைசி நிமிஷம்வரை கீழே தண்ணீர்தான். மதினி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. சக்கரம் தொட்டதும் பிரேக் பிடித்த வேகத்தில் எல்லார் உடம்பும் முன்னால் போய்த் திரும்பியது. ஓட்டியவர்கள் கையில் வேலை இருக்கிறது. இதற்கு முழு மார்க்.

1988-ல்தான் அகத்திக்கு இந்த ஓடுபாதை வந்தது. எங்கள் பாம்பனுக்கு ரோட்டுப் பாலம் திறந்ததும் அதே 1988, அக்டோபர் 2. அதற்கு முன்னால் இராமேஸ்வரம் தீவுக்காரர்கள் அவசரத்துக்கு ரயிலையே நம்பி இருந்தார்கள் என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அகத்திக்காரர்களுக்கு அந்த அவசரம் இன்னும் இருக்கிறது. எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் கொச்சியில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்கள். கண்ணில் கட்டோடு ஒரு பெரியவர், மருந்துப் பையை மடியிலேயே வைத்திருந்த ஒரு அம்மா, லீவுக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள். நமக்கு உல்லாசப் பயணம், அவர்களுக்கு இது டவுன் பஸ். 2024 ஜனவரியில் பிரதமர் போய் வந்தபிறகு சுற்றுலாக் கூட்டம் கூடியிருக்கிறது, விமானமும் கூடியிருக்கிறது. ஆனால் கனக் கணக்கில் ஓடுகிற விமானத்தில் டிக்கெட் விலை கூட்டத்தோடு சேர்ந்து ஏறும்போது முதலில் கழற்றிவிடப்படுவது அந்த மருந்துப்பை அம்மாதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தீவுக்காரர்களுக்கென்று சில சீட்டுகளை எப்போதும் ஒதுக்கி வைத்தால் என்ன கெட்டுவிடும்?

இப்போது என் புகார்.

இறங்கி, நடந்தே போய், சின்னக் கட்டடத்துக்குள் அனுமதிச் சீட்டைக் காட்டிப் பதிந்துவிட்டு மூட்டைக்கு நின்றோம். துணிப்பை வந்தது. மிதவை கட்டுகிற கயிறு, அடியில் கட்டுகிற வலைத் துண்டு, கத்தி, ஊசி எல்லாம் இருந்த பை வரவில்லை. கத்தி இருப்பதால் அதைக் கையில் கொண்டுபோகவும் முடியாது, சரக்கில் போட்டே ஆக வேண்டும். கேட்டால், "லோடு சேச்சி, நாளைக்கு வரும்" என்றார் அங்கிருந்த தம்பி. அவர் மேல் குறையில்லை, பாவம், அவர் இறக்கிப்போட்டது இல்லை. கனம் கூடியதால் கொச்சியிலேயே சில பைகளை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியதுகூடத் தப்பில்லை என்றுதான் நான் சொல்வேன். எத்தனை குதிரை பலம் இருந்தாலும் குட்டை ஓடுபாதை குட்டைதான். எனக்கு ஆத்திரம் எதில் என்றால், சொல்லவில்லை. பையை எடை போட்ட கையோடு, "இது இன்றைக்கு ஏறாமல் போகலாம், முக்கியமானதைப் பிரித்துக் கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கயிறில் பாதியைத் துணிப்பைக்கு மாற்றியிருப்பேன். ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில். அதுவும் என் போனுக்கு அங்கே சிக்னலே இல்லை. பிஎஸ்என்எல் வைத்திருந்த மதினிக்குத்தான் இருந்தது, அவள் நம்பர் அவர்களிடம் இல்லை. பேர் எழுதி வைத்த பையை ஏன் நிறுத்தினார்கள், யார் பையை ஏற்றினார்கள் என்பதற்கு என்ன வரிசை என்றும் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சுற்றுலாக்காரரின் நீச்சல் சாமான்கள் மட்டும் ஒழுங்காக வந்து இறங்கின.

மறுநாள் காற்று சரியில்லை, விமானம் வரவில்லை. அதற்கடுத்த விமானத்தில்தான் பை வந்தது. அதுவரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. கப்பலில் வந்த மூங்கில் கரையில் அடுக்கியிருந்தது. கயிறு இல்லையே என்றதும் குழுவில் ஒரு அக்கா வீட்டிலிருந்து தேங்காய் நார்க் கயிறு கொண்டுவந்தார். மட்டையைக் காயலில் ஊறவைத்து அடித்து, கையாலேயே திரித்த கயிறு. நாங்கள் பிளாஸ்டிக் கயிற்றுக்குப் பழகிவிட்டோம். இது நனைந்தால் முடிச்சு இன்னும் இறுகுகிறது. நாலு மூலையையும் அதிலேயே கட்டிக் காட்டினேன், குறுக்குச் சட்டத்தை அவர்கள் கட்டினார்கள். விதை முடிகிற வேலை மட்டும் பை வரும்வரை நின்றது. நம்ம ஊரில் வளர்க்கிற கப்பா பாசி வெளிநாட்டிலிருந்து வந்த ரகம்; அதை அங்கே விடுவதில்லை, வெளியூர்ச் சரக்கு பவளப்பாறையில் ஏறிவிடும் என்ற பயம். உள்ளூரிலேயே இருக்கிற கஞ்சிப்பாசிதான் போடுகிறார்கள். நியாயமான பயம். எங்கள் குருசடைத் தீவுப் பக்கம் அந்தச் சண்டை எவ்வளவு நாள் நடந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

அங்கே ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு டீக் கிளாஸிலும் இருக்கிறது. நீட்டினால் பெரிய விமானம் வரும், பையும் ஏறும், டிக்கெட்டும் இறங்கும் என்கிறார்கள் பையன்கள். நீட்ட இடம் எங்கே? இரண்டு முனையிலும் கடல். நீட்டினால் பாறை மேலேயோ காயலுக்குள்ளேயோதான். மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று போர்டில் எழுதியிருக்கும். அதில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது தண்ணீருக்குள்ளே. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் போனவை. அதைப் பார்த்த ஊரிலிருந்து வந்தவள் நான். என் பை இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை என்று அவர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். ராத்திரியில் நெஞ்சுவலி வருகிற ஆளுக்கு இந்தப் பதில் போதாது என்று ஒரு பையன் திருப்பிச் சொன்னான். அவனுக்கு என்னிடம் பதில் இல்லை. அவசர நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொண்டுபோகிறார்கள், அதுவும் வானம் விட்டால்தான்.

திரும்பும்போது ஒரு வேடிக்கை. தென்னையைத் தவிர வேறு மரத்தைத் தேடிப் பார்க்க வேண்டிய தீவு அது, கொப்பரைதான் அவர்கள் வாழ்க்கை. குழுப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொப்பரை கட்டிக் கொடுத்தார்கள். அதைச் சரக்குப் பையில் வைக்கக் கூடாதாம். எண்ணெய்ப் பதம் இருப்பதால் சூட்டில் தீப்பிடிக்கும் என்று விமானப் பாதுகாப்பு விதியிலேயே தடை. இது கம்பெனியின் குற்றமில்லை, இந்தியா முழுக்க இதே கதைதான். எடுத்து அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம். மாசி மட்டும் தப்பியது. சூரையை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த அந்த மாசியை நம்ம பக்கத்துச் சம்பலுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூன்று பாலித்தீன் சுற்றி, அதற்குமேல் டவல் சுற்றி, சரக்குப் பையின் நடுவில் வையுங்கள். கையில் கொண்டுபோகாதீர்கள், அந்தச் சின்ன இடத்தில் வாசனை தாங்காது, பக்கத்து சீட்டுக்காரர் உங்களை மன்னிக்க மாட்டார்.

கிளம்பும்போது ஓடுபாதையின் கடைசி விளிம்புவரை போய்த் திரும்பி நின்று, பிரேக்கை விடாமலே விசிறியின் சத்தத்தை ஏற்றுகிறார்கள். விமானம் முழுக்க நடுங்கும். பயப்படாதீர்கள், இருக்கிற நீளம் முழுவதையும் பயன்படுத்துவதற்குத்தான் அது. விட்டதும் சட்டென்று தூக்கிவிடுகிறது.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. ஓட்டுகிறவர்களுக்கும் உள்ளே இருந்த பணிப்பெண்ணுக்கும் முழுசாகப் போட்டு, பை விஷயத்தில் வாயைத் திறக்காத கவுன்ட்டருக்குக் குறைத்திருக்கிறேன். ஊர் வந்து புகார் எழுதிப் போட்டேன், மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் வந்தது. அதில் என் பேரைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது.

கப்பல் ஒரு வழி. கொச்சியிலிருந்து ஓர் இரவுக்குமேல் ஆகும், டிக்கெட் கிடைப்பது கஷ்டம், மழைக்காலத்தில் ஆட்டம் அதிகம். ஆனால் மூட்டைக்குக் கப்பல்தான். அடுத்த தொகுதியாக எங்கள் பக்கத்திலிருந்து போகிற பெண்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்: கயிறு, வலை, கத்தியை முன்கூட்டியே கப்பலில் போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் கயிறை இரண்டு பையாகப் பிரித்து, பாதியைத் துணியோடு வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை தவிருங்கள். திரும்புகிற நாளுக்கும் ஊரில் இருக்கிற வேலைக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். பிஎஸ்என்எல் சிம் ஒன்று வாங்கி, அந்த நம்பரையே டிக்கெட்டில் போடுங்கள். மதினி மறுபடியும் போகத் தயார் என்கிறாள், ஜன்னல் சீட்டு அவளுக்கு வேண்டுமாம்.